முதல் ஆள்

மார்ச் 11, 2025

விழுப்புரம் போய் மாத்திரை வாங்கி வந்தேன். ஆபீசில் வழக்கம்போல "பல் டாக்டர்" என்று சொல்லி லீவு. நான் பல் டாக்டரிடம் போய்வந்த கணக்குக்கு இந்நேரம் வாயில் முப்பத்திரண்டும் தங்கமாக இருக்க வேண்டும். கடலூரிலேயே மாத்திரை தருகிறார்கள். அங்கே போனால் நெய்வேலி ஆள் எவராவது கண்ணில் படுவார்கள். அதனால் விழுப்புரம்.

எச்.ஐ.வி. என்று இந்த டைரியில்கூட எழுதக் கை கூசும். இன்றைக்கு எழுதிவிட்டேன். என்ன ஆகிவிட்டது? பக்கம் பற்றி எரியவில்லை. மாத்திரை போட்டால் சர்க்கரைக்காரி மாதிரிதான் நானும், வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு. சொல்லத்தான் ஆள் இல்லை.

மார்ச் 16

ஞாயிற்றுக்கிழமை. பால்காரரிடம் "நாளைக்கு அரை லிட்டர் போதும்" என்றேன். இன்று நான் பேசியது அவ்வளவுதான்.

மார்ச் 22

கதவு தட்டும் சத்தம் கேட்டு கேஸ்காரர் என்று நினைத்தேன். ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். "ஆன்ட்டி, என்னைத் தெரியுதா?"

தெரியாமல் என்ன. அந்த மூக்கு அப்படியே அவள் அப்பா நல்லசாமி மூக்கு. காயத்ரி! பழைய பிளாக்கில் பக்கத்து குவார்ட்டர்ஸ் பிள்ளை. பள்ளிக்கூடம் விட்டால் நேரே என் அடுப்படிக்குத்தான் வரும், வறுத்த முந்திரிக்கு. ஏழு வயதில் பார்த்தது. அப்புறம் அவள் அம்மா சந்திரா என் வீட்டுப் பக்கம் அனுப்பவே இல்லை.

சென்னையில் சினிமா வேலையாம். இப்போது சொந்தமாக ஒரு படம் எடுக்கிறாள். "முழுக்கப் பாட்டு ஆன்ட்டி, எல்லாம் தெருக்கூத்துப் பாட்டு. இந்த ஊருக்கு எய்ட்ஸ் வந்தப்போ எல்லாரும் சேந்து ஒருத்தர் மேல பழி போட்டாங்கல்ல, அதான் கதை."

"எய்ட்ஸுக்குப் பாட்டா? டான்ஸும் உண்டா?" என்றேன்.

"உண்டு. மைன்ஸ் ஹெல்மெட் போட்டுக்கிட்டு வரிசையா ஆடுவாங்க. கிருமிக்கு ராஜா வேஷம். கிரீடம், தோள்ல புஜகீர்த்தி, எல்லாம்."

கருமம் கருமம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். இந்த வீட்டுச் சுவர் பயந்திருக்கும்.

பிறகுதான் வந்த விஷயத்தைச் சொன்னாள். "யாரைக் கேட்டாலும் ஜெயராமன் அங்கிள்தான் ஃபர்ஸ்ட், அவர்தான் கொண்டுவந்தாருன்னு சொல்றாங்க. நான் நம்பல. அவருக்கு முன்னாடியே யாருக்கோ இருந்திருக்கணும். கடைசி சீன்ல திரையை இறக்கும்போது அந்த நிஜமான முதல் ஆளைக் காட்டணும். உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா சொல்லுங்க ஆன்ட்டி. பேரை மாத்திடுவேன்."

நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். போட்டுக் கொடுத்ததை அடி வண்டல் வரை குடித்தாள். ஆபீசில் நான் அட்டெண்டர். ஃபைல் தூக்கச் சொல்வார்கள், பீரோ துடைக்கச் சொல்வார்கள். டீ போடும் வேலையை மட்டும் இத்தனை வருடத்தில் ஒருவரும் எனக்குக் கொடுத்ததில்லை.

மார்ச் 23

தன் அப்பன் பேரைத் தானே கேட்டுக்கொண்டு வந்திருக்கிறாள் அந்தப் பெண். அது அவளுக்குத் தெரியவில்லை.

எழுதித் தொலைக்கிறேன். தொண்ணூற்றெட்டில் யூனியன் நடத்திய முகாமில் இவர், என் வீட்டுக்காரர் ஜெயராமன், ரத்தம் கொடுத்தார். அதில் தெரிந்தது. வேறு ஒருவனாக இருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பான். இந்த மனுஷன் ஷிஃப்ட் முடிந்து கேன்டீனில் எல்லாரையும் உட்காரவைத்து, "எனக்கு வந்திருக்குடா. நாமெல்லாம் ஒண்ணாத்தான் சுத்திகினு இருந்தோம். நீங்களும் ஒருவாட்டி டெஸ்ட் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நல்லது செய்ததாக நினைப்பு. மறுநாள் அவர் பக்கத்து நாற்காலி காலி. யார் முதலில் சொன்னானோ அவன்தான் முதலில் கொண்டுவந்தவன் என்று ஆகிவிட்டது.

அவர் யோக்கியர் என்று நான் எங்கும் சொன்னதில்லை. எனக்கும் கொடுத்துவிட்டுத்தானே போனான் அந்தப் படுபாவி. அதற்கு நான் திட்டுவேன். எனக்கு உரிமை இருக்கிறது. ஊருக்கு என்ன உரிமை?

நல்லசாமிக்கு அப்போதே உடம்பு இற்றுப்போய்க் கிடந்தது. இவருக்கு ஒன்றும் தெரியாத காலத்திலேயே அவருக்கு வாய்ப்புண், இருமல், எதைத் தின்றாலும் வெளியே. டெஸ்ட் மட்டும் எடுக்கவில்லை. தொண்ணூற்றொன்பதில் இவர் போனார். தூக்குவதற்கு என் தம்பி அன்புமணியும் கூலி ஆட்களும். ஒரு பொம்பளை வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரா, தினம் என்னோடு ஒரே முறத்தில் அரிசி புடைத்தவள், சன்னலை இழுத்துச் சாத்தினாள். கொக்கி மாட்டுகிற சத்தம்கூட எனக்குக் கேட்டது.

மறு வருடம் நல்லசாமி போனார். "டி.பி." என்றார்கள். அந்தச் சாவுக்கு பிளாக்கே திரண்டது. சந்திரா மாரில் அடித்துக்கொண்டு என்ன சொல்லி அழுதாள் தெரியுமா? "அந்தப் பாவிகூட ஒரே டிபன் பாக்ஸ்ல தின்னாரே, அவன்லா ஒட்டவச்சுட்டுப் போயிட்டான்!"

நாலைந்து வருடத்துக்கு முன்னால் விழுப்புரத்தில், மாத்திரை வரிசையில், எனக்குக் கொஞ்சம் முன்னால் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி. திரும்பினாள். சந்திரா. நான் சுவரைப் பார்த்தேன், அவளும் சுவரைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் போகும் நாளை மாற்றிக்கொண்டாள் போலிருக்கிறது. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது ஒரு வார்த்தை போதும். "உங்கப்பாதாம்மா." இருபத்தாறு வருடப் பழி இவர் தலையிலிருந்து இறங்கிவிடும்.

சொன்னால் என்ன?

ஏப்ரல் 6

காயத்ரி கூத்துக்காரரை அழைத்து வந்தாள். கொளஞ்சிநாதன். காடாம்புலியூர் பக்கம், நான் பிறந்த ஊர்தான். படத்தில் கட்டியக்காரன் வேஷம். கூத்தில் திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவை "நீ யாரு, எந்த ஊரு" என்று கேட்டு மடக்குகிற கோமாளி.

என் கூடத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கட்டியக்காரன், கிருமி ராஜா இரண்டு வேஷத்தையும் தானே பாடிக் காட்டினார்:

"எந்த ஊரு? என்ன பேரு? எவன் உன்னக் கூட்டியாந்தான்?"

"ஊரு எனக்கு ஏது சாமி, பேரு நீங்க வச்சதுதான்!
வெரல நீட்டிக் கேக்குறீங்க, வெக்கம் இல்லையா?
நீட்டி நிக்கும் வெரலுக்குள்ள நான் இருக்கேன், தெரியலையா?"

குரல் கணீர் என்று இருந்தது. பக்கத்து வீட்டு சத்யா எட்டிப் பார்த்து, "என்னக்கா, வீட்ல திருவிழாவா?" என்றாள். புதுசாகக் கல்யாணமாகி வந்த பெண். அவளுக்கு என் கதை தெரியாது. தெரியாததால் சிரிக்கிறாள்.

ஏப்ரல் 13

அன்புமணி பலாப்பழம் கொண்டுவந்தான். கேட்டில் வைத்துவிட்டு, "பஸ்ஸுக்கு நேரமாவுதுக்கா." என்றைக்குத்தான் அவனுக்கு பஸ்ஸுக்கு நேரமாகவில்லை. பழம் உள்ளே வரும், தம்பி வரமாட்டான்.

பலாப்பழம் தனியாள் தின்கிற பழமா? அறுத்தால் நாலு வீட்டுக்குத் தட்டு போக வேண்டும். அதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். வாசனை வேறு காட்டிக்கொடுத்துவிடும். வைத்துக்கொண்டே மறைக்க முடியாது. கையில் எண்ணெய் தடவி அறுத்தேன். பாட்டு ஒத்திகைக்கு வந்த கொளஞ்சிநாதன் உட்கார்ந்து தின்றார். தின்று முடித்து, "இன்னும் நாலு சுளை குடுங்கக்கா, மூஞ்சியப் பாக்காதீங்க" என்றார்.

"என்னைப் பத்தி சொல்லியிருக்குமே காயத்ரி" என்றேன்.

"சொல்லிச்சு. அதுக்கும் சுளைக்கும் என்னாக்கா சம்பந்தம்?" என்றவர், கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நான் துரியோதனன் வேஷம் கட்னா ஊரே என்னை ஏசும். விடிஞ்சி வேஷத்தக் கலைச்சா அதே ஊரு டீ வாங்கிக் குடுக்கும். உங்க வூட்டுக்காரருக்கு வேஷத்தக் கலைக்கவே வுடல பாருங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பிசின் கையோடு கண்ணைத் துடைத்து இமையெல்லாம் ஒட்டிக்கொண்டது. அதைப் பார்த்து அந்த ஆள் சிரிக்கிறார்.

சத்யாவுக்கு ஒரு தட்டு கொண்டுபோகலாம் என்று எடுத்தேன். வாங்கிக்கொள்வாள். பிறகு ஒருநாள் தெரிந்தால், தின்றதை நினைத்து வாந்தி எடுப்பாளோ? தட்டை மூடி வைத்துவிட்டேன். மீதியைத் தெரு பெருக்க வரும் கான்ட்ராக்ட் பெண்களுக்குக் கொடுத்தேன்.

ஏப்ரல் 19

சந்திரா போன் செய்தாள். இருபத்தாறு வருடத்துக்குப் பிறகு.

"நாயகி... நாந்தாம்ட்டி." திருநெல்வேலிப் பேச்சு இன்னும் போகவில்லை. குரல்தான் கிழவிக் குரல். "எம்புள்ள ஒன் வீட்டுக்கு வந்துட்டுப் போறாளாமே. எதுவும் சொல்லிராதட்டி. அவ அப்பாவ சாமி மாதிரி வச்சிருக்கா. ஒன் கால்ல விழுதேன்."

நான் என்ன பேசினேன் என்று முழுசாக நினைவில்லை. கத்தினேன். "இத்தினி வருசத்துல ஒரு நா போன் பண்ணி சாப்ட்டியாடின்னு கேட்டியா? என் புருசன் பொணமா கெடந்தப்போ சன்னல சாத்துனவடி நீ! உன் பொண்ணுக்கு அவ அப்பன் சாமி. எனக்கு இருந்தது ஒரே புருசன், அவன் மட்டும் ஊருக்குப் பேயா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சினாள். பிறகு, "மாத்திரை ஒழுங்கா போடுதியா?" என்றாள்.

கட் செய்துவிட்டேன்.

அதென்ன கேள்வி? வெட்கங்கெட்டவள்.

ஏப்ரல் 20

இந்த மாத்திரையைப் பற்றி என்னை ஒருத்தி கேட்டது இதுதான் முதல் தடவை. டாக்டர், நர்ஸ் சேர்த்தி இல்லை.

மே 4

காயத்ரி வந்து மறுபடியும் கேட்டாள். ஷூட்டிங் பதினொன்றாம் தேதி, காடாம்புலியூர் முந்திரித் தோப்பில். மைன்ஸுக்குள் எடுக்க அனுமதி கிடைக்கவில்லையாம். கூத்துப் பார்க்கிற கூட்டமாக ஊர்க்காரர்களே உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான். கட்டியக்காரன் இறங்கி வந்து கூட்டத்தைப் பார்த்து "யாரு கொண்டாந்தது?" என்று கேட்பார். எல்லாரும் என்னைக் கை காட்டுவார்கள்.

"அப்புறம் கேமரா உங்க மேலயே இருக்கும் ஆன்ட்டி. உங்களுக்குத் தோணுறத சொல்லுங்க. அந்த முதல் ஆள் பேரு தெரிஞ்சா அதையும் சொல்லுங்க. சொல்லாம இருந்தாலும் சரி."

"உங்கம்மா வருவாளா?"

"வரேன்னிருக்காங்க. ஏன்னே தெரியல, இந்தப் படம்னாலே அம்மாவுக்கு படபடன்னு வருது."

ஏன் வராது? எனக்கும்தான் வருகிறது.

மே 8

சொல்லிவிடுவேன். ஏன் சொல்லக் கூடாது? நான் பொய்யா சொல்லப் போகிறேன்?

மே 9

ஆனால் நல்லசாமிக்கு முன்னால் எவனோ. அவனுக்கு முன்னால் எவனோ. அவன்களுக்கும் பெண்டாட்டி இருந்திருப்பாள், எங்கேயோ ஒரு சன்னலைப் பார்த்துக்கொண்டு.

இல்லை, நான் ஒன்றும் மகாத்மா இல்லை. சொல்லத்தான் ஆசையாக இருக்கிறது.

மே 11

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

தோப்பில் மிருதங்கமும் முகவீணைக் குழலும் முழங்கிக்கொண்டு இருந்தன. திரையை இரண்டு பேர் பிடித்திருக்க, பின்னால் கிருமி ராஜா சலங்கை குலுக்கினான். மூலையில் ஹெல்மெட் கோஷ்டி வியர்த்து ஊற்றியபடி தயாராக நின்றது. ஊர்க்காரர்கள் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார்கள். சந்திரா கடைசியில் ஒரு முந்திரிமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு இளைத்துப் போயிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள்.

கொளஞ்சிநாதன் கூட்டத்துக்குள் குதித்து, "யாரு கொண்டாந்தது? சொல்லுங்க சனங்களே, யாரு கொண்டாந்தது?" என்று பாடினார். அத்தனை விரலும் என் பக்கம் திரும்பியது. நடிப்புதான், தெரியும். சொல்லிக்கொடுத்துத்தான் செய்தார்கள். ஆனால் அன்றைக்கும் இப்படித்தானே இருந்தது.

எழுந்தேன். காயத்ரி கேமராவுக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் மூக்கு. அவளுக்குப் பின்னால் எட்டத்தில் அவள் அம்மா. நாக்கு நுனியில் அந்தப் பெயர் இருந்தது. சத்தியமாக இருந்தது.

"எனக்கும் இருக்கு" என்றேன்.

மிருதங்கம் நின்றுவிட்டது. நிற்க வேண்டிய இடம் இல்லை அது.

"எனக்கு எச்.ஐ.வி. இருக்கு. மாத்திர துன்னுகினு நல்லாத்தான் இருக்கேன். கொண்டாந்தது யாருன்னு கேக்குறீங்க. என் வூட்டுக்காரர் ஜெயராமன் கொண்டாரல. அவுருக்கு வந்துது, அவ்ளோதான். வந்துதுன்னு வாயத் தொறந்து சொன்ன மொத ஆளுதான் அவுரு. 'நீங்களும் பாத்துக்குங்கடா'ன்னு சொன்னாரு. அதுக்குத்தான் அவுர நாலு பேரு தூக்கல. ஒரு பொம்பள ஒப்பாரி வெக்கல."

உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஒரு அம்மா பக்கத்திலிருந்து தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். நான் திரும்பிப் பார்த்தபோது முந்திரிமரத்தடியில் சந்திரா இல்லை.

மே 13

பேர் சொல்லவில்லை. அதில் பெருமையும் இல்லை. அந்த நேரத்தில் என்னைப் பற்றிச் சொல்லத்தான் அவசரமாக இருந்தது. இருபத்தாறு வருடமாக வாயில் வைத்திருந்தது அதுதான் போலிருக்கிறது.

மே 17

சத்யாவுக்குத் தெரிந்துவிட்டது. தோப்பில் யாரோ போனில் எடுத்து அனுப்பியிருக்கிறார்கள். துணி காயப்போட நான் போனால் அவள் உள்ளே போய்விடுகிறாள். ஆபீசில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதிலும் எத்தனை ரகம் இருக்கிறது!

சொல்லியிருக்க வேண்டாமோ? வீடு முன்னைவிட அமைதி. மிக்சி போட்டால் துணையாக இருக்கிறது என்று சும்மா சட்னி அரைத்தேன்.

ஜூன் 1

காயத்ரி போன் எடுக்கவில்லை. அவளுமா?

ஜூன் 14

காயத்ரி வந்தாள். முகம் அழுது அழுது வீங்கியிருந்தது. வாசலிலேயே நின்று, "அம்மா சொல்லிட்டாங்க ஆன்ட்டி. அப்பாவப் பத்தி. அவங்களப் பத்தியும்" என்றாள்.

தோப்பிலிருந்து நேரே வடலூர் வீட்டுக்குப் போய்ப் படுத்தவள் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லையாம். பிறகு ஒருநாள் காலையில் மாத்திரை டப்பாவைக் கொண்டுவந்து மகள் முன்னால் வைத்தாளாம். "நாயகி சொல்லாம விட்டுட்டா. நான் சொல்லாம இருந்தா மனுசியா?" என்றாளாம்.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ ஏன் சொல்லல? அங்கிள் பேரு கிளியர் ஆகியிருக்குமே!"

"கூத்து அதேதாம்மா. உங்கப்பாருக்கு வேஷத்த மாட்டி வுட்டிருப்பாங்க, அவ்ளோதான். நீ அத எடுத்துகினு திரிவியா?"

என் மடியில் தலையை வைத்து அழுதாள். பழைய ஏழு வயது எடைதான். முந்திரி வறுத்துக் கொடுத்தேன். கண்ணீரோடு தின்றாள்.

கடைசி சீனை மாற்றிவிட்டாளாம். மிருதங்கம் உச்சத்துக்குப் போகும், இரண்டு பேர் திரையை இறக்குவார்கள், பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். கட்டியக்காரன் காலி இடத்தைச் சுற்றிச் சுற்றித் தேடுவான். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் ஹெல்மெட் டான்ஸ்" என்றாள். இவளைத் திருத்த முடியாது.

ஜூன் 29

சத்யா இன்னும் பேசவில்லை. ஆனால் நேற்று மழை வந்தபோது என் துணியையும் சேர்த்து எடுத்துக் கதவில் மாட்டியிருந்தாள். பார்க்கலாம்.

ஜூலை 6

சந்திராவிடமிருந்து போன். "என்னைக்குப் போற?" என்றாள். எங்கே என்று கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. "செவ்வாக்கெழம" என்றேன். வைத்துவிட்டாள்.

ஜூலை 8

ஆபீசில் லீவு சொன்னபோது "மறுபடி பல் டாக்டராக்கா?" என்றார்கள். "இல்ல, மாத்திர வாங்கப் போறேன்" என்றேன்.

நெய்வேலி ஆர்ச் கேட் ஸ்டாப்பில் வடலூரிலிருந்து வந்த பஸ் நின்றது. நல்ல கூட்டம். ஏறினதும் "ஏட்டி, இங்கன வா!" என்று ஒரு குரல். ஜன்னலோரம் சந்திரா. பக்கத்து சீட்டில் அவள் கைப்பை. ஒரு ஆள் அதை எடுக்கச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "ஆளு வருதுன்னு அப்பமே சொன்னேன்லா? இந்தா வந்துட்டா!" என்று அவரிடம் எரிந்து விழுந்தாள். முக்காடு இல்லை. முடி முழுக்க நரைத்துவிட்டது.

உட்கார்ந்து பர்ஸைத் திறந்தேன். "எடுத்தாச்சு. வடலூர்லயே ரெண்டு டிக்கெட்டா எடுத்துட்டேன்" என்றாள்.

என் ஊர் வந்து போனது, முந்திரித் தோப்பு போனது. "அன்னைக்கு சன்னலச் சாத்தினேம்லா" என்றாள், வெளியே பார்த்துக்கொண்டே.

"ஆமா. சாத்துன."

அழுதாள். நான் சமாதானம் சொல்லவில்லை. எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. தீருமா என்று தெரியாது.

பண்ருட்டியில் பஸ் நின்றதும் பலாச்சுளை விற்கிற பெண் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றாள். கண்ணாடி இறுகிப் போயிருந்தது. சந்திரா தள்ளிப் பார்த்தாள், அசையவில்லை. "நவுரு" என்று நானும் கை கொடுத்தேன். இரண்டு கிழவிகளும் முக்கி முனகித் திறந்தோம். ஒரு பொட்டலம் வாங்கி அவள் மடியில் பிரித்து வைத்தாள். விழுப்புரம் வரைக்கும் அதிலிருந்தே இரண்டு பேரும் எடுத்துத் தின்றோம்.